பழைய இசட்4-க்கு ரன்-ஃப்ளாட் டயர்: காசை எங்கே போடலாம், எங்கே போடக் கூடாது

பிஎம்டபிள்யூ இசட்4-இன் இ89 மாடல் 2009 முதல் 2016 வரை வந்தது. இரண்டே சீட், பின்சக்கர ஓட்டம். செகண்ட் ஹேண்டில் வண்டி விலை நன்றாக இறங்கிவிட்டது, டயர் விலை இறங்கவில்லை. 18 அங்குல வீல் போட்ட வண்டியில் முன்னால் 225/40 ஆர்18, பின்னால் 255/35 ஆர்18 (அகலம் மி.மீ.யில், சைடுவால் எனும் பக்கச்சுவரின் உயரம் அகலத்தின் சதவீதத்தில், ரிம் விட்டம் அங்குலத்தில்). கம்பெனியிலிருந்து வரும்போதே நாலும் ரன்-ஃப்ளாட், அதாவது காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் டயர். ஸ்டெப்னி கிடையாது, வைக்க இடமும் கிடையாது. மடங்கும் கூரை இறங்கி டிக்கியில்தான் உட்காருகிறது. இ90 தலைமுறை 3 சீரிஸில் 18 அங்குல ஸ்போர்ட் வீல் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலும் இதே அளவுகள்தான். கீழே சொல்வது அவர்களுக்கும் பொருந்தும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுவோம். கையில் இருக்கும் பணம் நாலு நல்ல டயருக்குப் போதவில்லை என்றால், நாலு சுமாரான டயர் வாங்காதீர்கள். தேய்ந்த அச்சுக்கு மட்டும், முடிந்தவரை மற்ற அச்சில் இருக்கும் அதே பிராண்ட், அதே பேட்டர்னில் இரண்டு புது டயர் வாங்குங்கள். இந்த வண்டியில் பின் டயர்தான் முதலில் தேயும். முன்னும் பின்னும் அளவு வேறு என்பதால் மாற்றிப் போட்டு ஆயுளை நீட்டவும் முடியாது. ஆக, நாலும் ஒரே நேரத்தில் மொட்டையாகும் நாள் வருவதே அபூர்வம். கடைக்காரர் "செட்டா மாத்திடுங்க சார்" என்று சொன்னால், முன் டயரின் பட்டன் (தரையில் படும் வரிப் பகுதி) ஆழத்தை அளந்து காட்டச் சொல்லுங்கள். சட்டப்படி 1.6 மி.மீ. வரை ஓட்டலாம். ஆனால் மழையில் இந்த அகல டயர் தண்ணீரில் மிதக்கத் தொடங்கிவிடும் என்பதால் 3 மி.மீ.யிலேயே மாற்றிவிடுவது நல்லது. அளக்கும்போது நடுவில் மட்டும் அளந்தால் போதாது. பின் வீல்கள் உள்பக்கம் லேசாகச் சாய்ந்து நிற்பதால் உள்விளிம்புதான் வேகமாகத் தேயும். வெளியிலிருந்து பார்த்தால் பட்டன் நன்றாக இருக்கும், உள்ளே கையை விட்டுத் தடவினால் கம்பி தட்டுப்படும். வண்டியை லிஃப்டில் ஏற்றிப் பார்க்காமல் யார் சொல்வதையும் நம்ப வேண்டாம்.

ரன்-ஃப்ளாட் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதில் தெளிவு இருந்தால் பாதிக் காசு மிச்சம். சாதாரண டயரில் வண்டியின் எடையைத் தாங்குவது காற்று. ரன்-ஃப்ளாட்டில் சைடுவாலுக்குள் தடித்த, விறைப்பான ரப்பர் அடுக்கு இருக்கிறது. காற்று முழுக்கப் போனாலும் அந்த அடுக்கு எடையைத் தாங்கி, டயர் ரிம்மை விட்டுக் கழன்று வராமல் பார்த்துக்கொள்ளும். கணக்கு பொதுவாக இதுதான்: 80 கி.மீ. வேகத்துக்கு மேல் போகாமல் 80 கி.மீ. தூரம். அந்த ஓட்டத்தில் சைடுவால் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி விரிந்து கடுமையாகச் சூடேறும். வெயிலும் வேகமும் சுமையும் கூடினால் தூரம் குறையும்.

நடைமுறையில் பாருங்கள். இரவில் உளுந்தூர்பேட்டை அருகே ஆணி ஏறினால், இருட்டில் சாலையோரம் நிற்காமல் விழுப்புரம் வரை வந்துவிடலாம். ரன்-ஃப்ளாட் தரும் பாதுகாப்பு அவ்வளவுதான், அது பெரிய விஷயம்தான். ஆனால் விழுப்புரத்தில் 255/35 ஆர்18 ரன்-ஃப்ளாட் கடையில் தொங்கிக்கொண்டிருக்காது. அங்கிருந்து காரை மேலே ஏற்றிச் செல்லும் ஃப்ளாட்பெட் வண்டிதான். சென்னையிலேயே இந்தப் பின் டயர் அளவைப் பல கடைகள் ஆர்டர் போட்டுத்தான் வரவழைக்கும். புது டயர் இறக்குமதியை 2020 ஜூனில் மத்திய அரசு கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. குறைவாக விற்கும் அளவுகள் கிடைப்பது அதிலிருந்து இன்னும் சிரமமாகிவிட்டது. தேய்ந்து முடியும் வரை காத்திருக்காமல் ஒன்றிரண்டு மாதம் முன்பே விசாரிக்கத் தொடங்குவதுதான் விலை பேசவும் இடம் கொடுக்கும்.

அடுத்தது பெயர்க் குழப்பம். ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு எழுத்தைப் போடுகிறது. பிரிட்ஜ்ஸ்டோனில் ஆர்எஃப்டி, மிச்செலினில் இசட்பி, கான்டினென்டலில் எஸ்எஸ்ஆர், குட்இயரில் ஆர்ஓஎஃப், டன்லப்பில் டிஎஸ்எஸ்டி, ஹான்கூக்கில் எச்ஆர்எஸ். பிஎம்டபிள்யூ-வுக்கென்று ஒப்புதல் பெற்ற ரன்-ஃப்ளாட்டில் ஒரு நட்சத்திரக் குறியும், வட்டத்துக்குள் ஆர்எஸ்சி என்ற எழுத்தும் இருக்கும். சைடுவாலில் இந்த எழுத்துகளில் ஒன்றோ 'ரன் ஃப்ளாட்' என்ற சொல்லோ இல்லையென்றால் கடைக்காரர் என்ன சொன்னாலும் வாங்காதீர்கள். முக்கியமாக, பிரெல்லியின் சீல் இன்சைடும் கான்டினென்டலின் கான்டிசீலும் ரன்-ஃப்ளாட் அல்ல. அவற்றின் உள்ளே பிசின் போன்ற ஒரு பூச்சு இருக்கும். பட்டன் பகுதியில் ஏறும் சிறு ஆணியின் துளையை, அதாவது 4, 5 மி.மீ. வரை, அது அடைக்கும். சைடுவால் கிழிந்தால் சாதாரண டயர் போலத் தரையில் உட்கார்ந்துவிடும். "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்று விற்கும் கடைகள் இருக்கின்றன. ஒன்றல்ல.

இனி டயர்கள். பல இசட்4-களில் கம்பெனி போட்டுக் கொடுத்தது பிரிட்ஜ்ஸ்டோன் பொடென்சா ஆர்இ050ஏ ஆர்எஃப்டி. பிடிப்பு நன்றாக இருக்கும். ஆனால் கல் போன்ற விறைப்பு, பாதி தேய்ந்தபின் காதை அடைக்கும் சத்தம். ரன்-ஃப்ளாட் என்றாலே முதுகு போய்விடும் என்ற கெட்ட பெயரில் பெரும்பங்கு அந்தத் தலைமுறை டயர்கள் வாங்கிக் கொடுத்ததுதான். அதே பழைய பேட்டர்ன் எங்காவது தள்ளுபடியில் கிடைத்தால் தொட வேண்டாம். அது விலை குறைவாகக் கிடைக்கக் காரணமே குடோனில் பல வருடம் கிடந்ததுதான்.

அதற்குப் பின் வந்த பொடென்சா எஸ்001 ஆர்எஃப்டி இந்த வண்டிக்கு, இந்தப் பட்ஜெட்டுக்கு முதல் தேர்வு. சைடுவால் முந்தையதைவிட நன்றாகவே இளகியிருக்கிறது, ஈரத்தில் பிடிப்பு நம்பகமானது, ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் மூக்கு திரும்பும் அந்தக் கூர்மையும் குறையவில்லை. சத்தம் மட்டும் இன்னும் இருக்கிறது. கரடுமுரடான கான்கிரீட் சாலையில் கூரையைத் திறந்து ஓட்டினால் தெரியாது, மூடினால் தெரியும்.

குட்இயர் ஈகிள் எஃப்1 அசிமெட்ரிக் ஆர்ஓஎஃப் இதைவிட மிருதுவானது. தினமும் ஆபீஸுக்கு எடுத்துப் போகிறவருக்கு இதுவே பொருத்தம். வளைவில் ஒரு நொடி தாமதமாகப் பதில் சொல்வதுபோல் இருக்கும். ஏற்காடு ஏற்றத்துக்காகவே இந்த வண்டி வைத்திருப்பவருக்கு அது உறுத்தும். கான்டினென்டல் ஸ்போர்ட்கான்டாக்ட் 5 எஸ்எஸ்ஆர் மழைக்கு நல்லது, இளகிய கலவை என்பதால் நம் வெயிலில் பின் டயர் சீக்கிரம் கரையும். பிரெல்லி பி ஜீரோ ரன்-ஃப்ளாட் ஓட்டத்துக்கு அருமை. ஆனால் பட்ஜெட் பார்க்கிறவர் வாங்கும் டயர் அல்ல. மிச்செலின் இசட்பி வகைகள் ஆயுளுக்குப் பெயர் போனவை. விலையும் அதற்கேற்ப. முன் அளவு கிடைத்து அதே பேட்டர்னில் பின் அளவு கிடைக்காமல் போவது இந்த வண்டியில் சகஜம். அதனால் எந்தப் பெயரானாலும் இரண்டு அளவும் கையிருப்பில் உறுதியான பிறகே முன்பணம் கொடுங்கள். இங்கே தயாராவதில் சியட் 2025-ல் ஸ்போர்ட்டிரைவ் வரிசையில் ரன்-ஃப்ளாட்டைக் கொண்டுவந்தது. நம் கம்பெனி ஒன்று இந்த வேலையில் இறங்கியிருப்பதே மகிழ்ச்சி. அளவு பொருந்தும் வண்டிக்காரர்கள் கட்டாயம் விலை கேட்டுப் பார்க்கலாம்.

விலை கேட்கும்போது "225 ரன்-ஃப்ளாட் எவ்வளவு" என்று கேட்காதீர்கள். முழு வரியையும் சொல்லுங்கள்: அளவு, பேட்டர்ன் பெயர், சுமை எண், வேக எழுத்து, நட்சத்திரம் உண்டா, தயாரித்த வாரம் எது. சுமை எண் முன்னால் 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும், 92 என்றால் 630 கிலோ. பின்னால் 90 என்றால் 600, 94 என்றால் 670. கதவோரம் ஒட்டியுள்ள தாளில் இருப்பதைவிடக் குறைந்த எண் வேண்டாம், கூடுதல் பரவாயில்லை. வேகத்துக்கு டபிள்யூ 270, ஒய் 300 கி.மீ. அந்த வேகத்தில் யாரும் போகப் போவதில்லை. இருந்தாலும் எழுத்தில் இறங்கினால் சூட்டைத் தாங்கும் திறனும் இறங்கும்.

தயாரித்த வாரம் டிஓடி என்று தொடங்கும் வரியின் கடைசி நாலு இலக்கம். 3524 என்றால் 2024-ஆம் வருடம் 35-ஆவது வாரம். இந்த நாலு இலக்கம் டயரின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். கடைக்காரர் மறுபக்கத்தைக் காட்டி "தேதி போடலை" என்றால் புரட்டிக் காட்டச் சொல்லுங்கள். பின் டயர் அளவு மெதுவாக விற்பதால் இரண்டு வருடப் பழைய ஸ்டாக் வருவது சாதாரணம். நிழலில், நிறுத்தி வைத்து, வெயில் படாமல் இருந்திருந்தால் இரண்டு வருடம் வரை ஏற்கலாம், அதைச் சொல்லி விலையும் குறைக்கலாம். அதற்கு மேல் வேண்டாம். பிஎம்டபிள்யூ கையேடே பட்டன் மிச்சமிருந்தாலும் ஆறு வருடத்தில் மாற்றச் சொல்கிறது. மூன்று வருடத்தைக் குடோனில் தொலைத்த டயருக்கு முழு விலை கொடுப்பதில் அர்த்தமில்லை. ஐஎஸ்ஐ முத்திரையும் பாருங்கள். அது இல்லாத டயர் முறையான வழியில் வந்ததல்ல, நாளை புடைத்தால் வாரன்டி கேட்க ஆள் இருக்காது.

பில்லையும் கவனியுங்கள். புது டயருக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28-இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. வரிக்கு முன் ரூ. 20,000 என்றால் முன்பு 25,600, இப்போது 23,600. நாலு டயருக்கு ரூ. 8,000 வித்தியாசம். பழைய விலைப் பட்டியலை வைத்துப் பேரம் பேசும் கடையில் அடிப்படை விலையையும் வரியையும் தனித்தனியாக எழுதச் சொன்னால் உண்மை தெரிந்துவிடும்.

பட்ஜெட் குறைவு என்றதும் பலருக்குப் பழைய உதிரிபாகம் விற்கும் சென்னைப் புதுப்பேட்டை ஞாபகம் வரும். பழைய ரிம், பம்பர் எல்லாம் வாங்கலாம். பழைய ரன்-ஃப்ளாட் மட்டும் வாங்கவே கூடாது. சாதாரண டயர் காற்றில்லாமல் ஓடியிருந்தால் சைடுவால் கிழிந்து காட்டிக்கொடுத்துவிடும். ரன்-ஃப்ளாட் வெளியே எதையும் காட்டாது. 50 கி.மீ. காற்றில்லாமல் ஓடிய டயர் வெளியே புதிதுபோலப் பளபளக்கும். உள்ளே பார்த்தால்தான் தெரியும்: சைடுவாலின் உள்பக்கம் வட்டமாக ஒரு சுருக்கக் கோடு, நிறம் மாறிய பட்டை, அடியில் கறுப்பு ரப்பர்த் தூள். அந்தத் தூளை விரலில் தொட்டுப் பார்த்தால் மிளகுப் பொடிபோல் ஒட்டும். அந்த டயரின் தாங்கும் அடுக்கு ஏற்கெனவே வெந்துபோனது. அடுத்த பஞ்சரில் அது உங்களைக் காப்பாற்றாது. துடைத்துச் சுத்தம் செய்து விற்றால் அந்தத் தடயமும் போய்விடும் என்பதால் இந்த ஆட்டத்தில் இறங்கவே வேண்டாம்.

உண்மையாகவே காசு மிச்சம் பிடிக்க வேறு வழி இருக்கிறது: 17 அங்குலத்துக்கு இறங்குவது. கதவோரத் தாளில் உங்கள் இன்ஜின் வகைக்கு 225/45 ஆர்17 இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், ஒரு நல்ல 17 அங்குல ஒரிஜினல் ரிம் செட் வாங்கி நாலிலும் அதே அளவு போடலாம். மொத்த விட்டம் 18-இல் 637 மி.மீ., 17-இல் 634. ஸ்பீடோமீட்டருக்கு வித்தியாசமே தெரியாது. சைடுவால் உயரம் 90-இலிருந்து 101 மி.மீ. ஆகும், பின்னால் 89-இலிருந்து. அந்த ஒரு சென்டிமீட்டர் நம் ஊர்ப் பள்ளங்களில் ரிம்மைக் காப்பாற்றும். இந்த அளவு பல வண்டிகளுக்கு வருவதால் விலை குறைவு, கையிருப்பும் அதிகம். முன்னும் பின்னும் மாற்றிப் போட்டு நாலையும் சமமாகத் தேய்க்கலாம். அழகு கொஞ்சம் குறையும், வளைவில் பின்பக்கப் பிடிப்பும் கொஞ்சம் குறையும். ரேஸ் டிராக் பக்கம் போகாதவருக்கு இதைவிடப் புத்திசாலித்தனமான செலவு இல்லை. ரிம் வாங்கும்போது அது ரன்-ஃப்ளாட்டுக்கான இஎச்2 வகையா என்று பின்பக்க எழுத்தில் பாருங்கள். காற்று போனாலும் டயர் விளிம்பு உள்ளே நழுவாமல் பிடிக்கும் மேடு அதில் உண்டு. மலிவான நகல் ரிம்மில் அது இருக்குமென்று நம்ப முடியாது.

நல்ல டயரைக் கெடுப்பது பெரும்பாலும் மாட்டும் கடைதான். ரன்-ஃப்ளாட் சைடுவால் வளையாது. உதவிக் கை இல்லாத பழைய மெஷினில் கடப்பாரை வைத்து நெம்பினால் டயரின் விளிம்புக் கம்பி உள்ளுக்குள் முறியும், ரிம்மும் கீறும். போனிலேயே கேளுங்கள்: டயரை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் கை உள்ள மெஷின் இருக்கிறதா? இல்லையென்றால் வேறு கடை. விளிம்பில் டயர் பேஸ்ட் தாராளமாகத் தடவ வேண்டும், கிரீஸோ ஆயிலோ கூடாது. டயரை மாட்டும்போது மறுபக்க விளிம்பு ரிம்மின் நடுப் பள்ளத்தில் இறங்கியிருக்க வேண்டும். இறங்காமல் மெஷினைச் சுற்றினால்தான் கம்பி முறிகிறது. அவுட்சைடு என்று எழுதிய பக்கம் வெளியே வர வேண்டும். மஞ்சள் புள்ளி இருந்தால் அதை வால்வுக்கு நேராக வைத்தால் பேலன்சிங் எடை குறையும். காற்று ஏற்றும்போது இரண்டு பக்கமும் டப்பென்று உட்காரும் சத்தம் கேட்கும். 40 பிஎஸ்ஐ தாண்டியும் உட்காரவில்லை என்றால் காற்றை இறக்கி, மறுபடி பேஸ்ட் தடவி, திரும்ப முயல வேண்டும். மேலும் மேலும் ஏற்றுவது ஆபத்து. உட்கார்ந்த பின் ரிம் ஓரத்தை ஒட்டி ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே இடைவெளியில் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

டயரைக் கழற்றிய கையோடு வெறும் ரிம்மைப் பேலன்சிங் மெஷினில் சுற்றச் சொல்லுங்கள். உள்விளிம்பு ஆடினால் அங்கேயே தெரியும். விறைப்பான சைடுவால் பள்ளத்தின் அடியைத் தான் வாங்காமல் ரிம்முக்குக் கடத்துவதால், பழைய இசட்4-களில் உள்விளிம்பு நெளிந்த ரிம் மிக சகஜம். நெளிவை நிமிர்த்தலாம். விரிசல் விழுந்ததை வெல்டு வைத்து ஓட்டுவது வேண்டாம். ஒட்டும் எடை 60 கிராமுக்கு மேல் கேட்டால் டயரை ரிம்மில் அரைச் சுற்றுத் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டும். வீல் போல்ட்டின் இறுக்கம் 120 நியூட்டன் மீட்டர், அதை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சில். காற்றுத் துப்பாக்கியால் இறுக்கிவிட்டுப் போவதை அனுமதிக்காதீர்கள். பிறகு அலைன்மென்ட், பின் வீல்களுக்கும் சேர்த்து. பின் வீல் கோணத்தைத் தொடாமல் முன்னால் மட்டும் திருப்பி அனுப்பினால் புது டயரின் உள்விளிம்பு பழையபடி கரையும். முதல் 300 கி.மீ. நிதானமாக ஓட்டுங்கள், புது டயரின் மேல்பூச்சு அதற்குள் போய்விடும்.

காற்றுக் குறைவு எச்சரிக்கை வேலை செய்யாத வண்டியில் ரன்-ஃப்ளாட் போடுவது ஆபத்து. காற்று போனது ஓட்டுபவருக்குத் தெரியாது, டயர் நிமிர்ந்தே நிற்கும். பல இசட்4-களில் டயருக்குள் சென்சார் கிடையாது. காற்று குறைந்த வீல் மற்றவற்றைவிடச் சற்று வேகமாகச் சுற்றும், அதை வீல் வேகத்தை அளக்கும் ஏபிஎஸ் சென்சார் வழியே கண்டுபிடிக்கிறது வண்டி. டயர் மாற்றினாலும் காற்று அடித்தாலும் இதை ரீசெட் செய்ய வேண்டும். நாலு டயரிலும் ஒரே அளவில் மெல்லக் காற்று இறங்கினால் இந்த முறை கண்டுபிடிக்காது. ஆகவே பதினைந்து நாளுக்கு ஒருமுறை, காலையில் வண்டி எடுக்கும் முன், சொந்த கேஜில் பார்த்துவிடுங்கள்.

பஞ்சர் ஒட்டலாமா என்பதில் கம்பெனிக்குக் கம்பெனி விதி மாறும், சிலர் ஒட்டவே கூடாது என்கிறார்கள். அனுமதிக்கும் டயரிலும் சில நிபந்தனைகள் உண்டு. துளை பட்டன் பகுதியின் நடுவில், 6 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். காற்றில்லாமல் ஓடியிருக்கக் கூடாது. டயரைக் கழற்றி உள்ளே பார்த்து, உள்ளிருந்தே துளையை அடைக்கும் மஷ்ரூம் பேட்ச் வைக்க வேண்டும். வெளியிலிருந்து திரியைச் செருகி அனுப்பினால் உள்ளே வெந்திருக்கிறதா என்பது யாருக்கும் தெரியாமலே போகிறது. ஒரு ஆணிக்கு ஒரு டயர் என்று செலவு வரும் வாய்ப்பை, வாங்கும்போதே கணக்கில் வையுங்கள்.

அந்தக் கணக்கு கட்டுப்படியாகாது என்றால் சாதாரண டயருக்கு மாறலாம், அதில் அவமானம் ஒன்றுமில்லை. பிஎம்டபிள்யூ-வே தன் எம்3-க்கு ரன்-ஃப்ளாட் போடுவதில்லை. இதே அளவில் மிச்செலின் பைலட் ஸ்போர்ட் 4, ஸ்போர்ட் 5 இரண்டும் உண்டு. பிடிப்பும் சொகுசும் எந்த ரன்-ஃப்ளாட்டையும்விட மேல். எடையும் குறைவு. ஊருக்குள் மட்டும் ஓடும் வண்டிக்கு இதுதான் எங்கள் சிபாரிசு. மாறினால் நாலையும் மாற்றுங்கள், கலந்து போடாதீர்கள். டிக்கியில் 12 வோல்ட் காற்று பம்ப், பஞ்சர் கிட், சாலை உதவிச் சந்தா மூன்றும் கட்டாயம். பம்ப் வாங்கும்போது சிகரெட் லைட்டரில் செருகும் வயர் பின் வீல் வரை எட்டுகிறதா என்று பாருங்கள், பல பம்புகளில் எட்டாது. சைடுவால் கிழிந்தால் பம்பும் உதவாது, அப்போது டோயிங்தான். இரவு நேர நெடுஞ்சாலைப் பயணம் அடிக்கடி உண்டு, தனியாகவோ குடும்பத்துடனோ போகிறீர்கள் என்றால் ரன்-ஃப்ளாட்டிலேயே இருங்கள், பின் அச்சுக்கு ஒரு ஜோடி எஸ்001-இல் தொடங்குங்கள்.